எத்தனை உருப்படி?

நடுவர் அவர்களுக்கும், இரண்டு அணியிலும் இருக்கிற நண்பர்களுக்கும், வேலை முடிந்த கையோடு வீட்டுக்குக்கூடப் போகாமல் இங்கே வந்து உட்கார்ந்திருக்கிற உங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

பயணம் போகிறவர்கள் அதிகமாகச் சுமந்தது அன்றா, இன்றா என்பது தலைப்பு. அன்றுதான் என்று சொல்ல வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசிய எதிரணி அண்ணன், "அந்தக் காலத்தில் ஒரு மஞ்சப்பையோடு பட்டணம் போனார்கள், இன்று இரண்டு நாள் கல்யாணத்துக்கு நாலு சூட்கேஸ்" என்று சொல்லிக் கைதட்டல் வாங்கினார். அடுத்து வந்த சகோதரி தமிழாசிரியை. கண்ணகியும் கோவலனும் புகாரிலிருந்து மதுரை வரை ஒரு ஜோடிச் சிலம்போடு நடந்தார்களே என்று கேட்டார். இரண்டும் நல்ல கேள்விகள். இரண்டுக்கும் பதில் சொல்லாமல் நான் இறங்கமாட்டேன். ஆனால் அதற்கு முன்னால் என் அப்பாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும்.

என் அப்பா மதுரை ரயில் நிலையத்தில் போர்ட்டராக இருந்தவர். சிவப்புச் சட்டை, கையில் பித்தளை வில்லை, தலையில் சும்மாடு. பத்தொன்பது வயதில் அந்த வில்லையைக் கட்டினார். கிட்டத்தட்ட நாற்பது வருஷம் கழித்துத்தான் கழற்றினார். எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்ததே அடுத்தவர் மூட்டையால்தான்.

வண்டி நிற்பதற்கு முன்பே ஓடிப்போய் ஜன்னல் ஓரமாக நின்று அவர் கேட்கிற முதல் கேள்வி, "எத்தனை உருப்படி?" உள்ளே இருக்கிறவர் எண்ணிச் சொல்வார். ஐந்து பேர் இருக்கிற ஒரு குடும்பம் என்றால் ஒன்பது, பத்து, பதினொன்று என்று எண்ணிக்கை போகும். ஏறும்போது எண்ணுவார்கள், இறங்கும்போது எண்ணுவார்கள், நடுவில் வண்டி மாறவேண்டி இருந்தால் அங்கேயும் ஒருமுறை எண்ணுவார்கள். குடும்பத் தலைவருக்குப் பயணம் முழுக்க வேலையே அதுதான். பிள்ளைகளை எண்ணுவதற்கு முன்னால் பெட்டிகளை எண்ணிய அப்பாக்களை நான் பார்த்திருக்கிறேன்.

அந்தப் பதினோரு உருப்படியில் என்னவெல்லாம் இருந்தது? இரண்டு தகர டிரங்குப் பெட்டி, திண்டுக்கல் பூட்டோடு. ஒரு ஹோல்டால். அதற்குள்ளே ஜமுக்காளம், மெத்தை விரிப்பு, தலையணை, போர்வை எல்லாவற்றையும் வைத்துச் சுருட்டித் தோல் வாரால் இறுக்கியிருப்பார்கள். தண்ணீருக்குக் கூஜா. நாலு அடுக்கு டிபன் கேரியர். போகிற இடத்தில் சமைக்க ஒரு ஸ்டவ்வும் இரண்டு பாத்திரமும் சாக்கில் கட்டியிருக்கும். அரிசிப் பை தனி. முறுக்கும் அதிரசமும் நிரப்பிய பெரிய பிஸ்கட் டின். வாயைத் துணியால் இறுக்கிக் கட்டிய ஊறுகாய் ஜாடி. மாம்பழக் காலமென்றால் ஒரு கூடை மாம்பழம். கைக்குழந்தை இருந்தால் தூளி கட்ட ஒரு பழைய நூல் புடவை, அப்புறம் விசிறி, குடை.

அப்பா முதலில் துண்டைச் சுருட்டிச் சும்மாடு வைப்பார். டிரங்குப் பெட்டியைத் தன் தலைக்குத் தானே ஏற்றிக்கொள்ள முடியாது. பக்கத்தில் இருக்கிற போர்ட்டரைப் பார்த்து, "ஒரு கை கொடுப்பா" என்பார். இரண்டு பேருமாக ஏற்றுவார்கள். அதன் மேல் இன்னொரு பெட்டி. அதன் மேல் ஹோல்டால். இடது தோளில் சாக்கு மூட்டை, வலது கையில் கூஜா. அந்த நிலையில் படிக்கட்டு ஏறி, மேம்பாலம் கடந்து, மறுபடி படி இறங்குவார். கழுத்தை எந்தப் பக்கமும் திருப்ப முடியாது. முன்னால் போகிற ஆளின் குதிகாலைப் பார்த்துக்கொண்டே நடப்பார்.

பெட்டியைத் திறக்காமலே உள்ளே இருப்பது என்னவென்று அவருக்குத் தெரியும். அரிசிப் பெட்டி அசையாது. பாத்திரப் பெட்டி காதுக்குள்ளே சத்தம் போடும். துணிப்பெட்டி ஒன்றுமே இல்லை. புத்தகப் பெட்டிதான் எமன். ஜூன் மாதம் காலேஜ் ஹாஸ்டலுக்குப் போகிற பையன்களின் டிரங்குப் பெட்டி என்றால் ராத்திரி அம்மா தைலக் குப்பியை எடுத்து வைத்துவிடுவார். அப்பா திண்ணையில் குனிந்து உட்கார, அம்மா பின்னங்கழுத்தில் தேய்ப்பார். உச்சந்தலையில் ஒரு ரூபாய் அகலத்துக்கு முடியே இருக்காது. அன்று எவ்வளவு சுமை என்று எதிரணி நண்பர்கள் ஆதாரம் கேட்டால், நான் முதலில் காட்டுவது அந்த இடத்தைத்தான்.

சரி, ஏன் அவ்வளவு தூக்கினார்கள்? நம் முன்னோர்களுக்குப் பொருள் மேல் ஆசை அதிகமா? கிடையாது, நடுவர் அவர்களே. வழியில் ஒன்றுமே கிடைக்காது. அதுதான் காரணம்.

ஹோல்டாலையே எடுத்துக்கொள்வோம். ஒரு ராத்திரிப் பயணத்துக்கு எதற்குப் படுக்கை என்று இன்றைய பிள்ளைகள் கேட்கலாம். அன்றைய இரண்டாம் வகுப்புத் தூங்கும் பெட்டியில் படுக்கை என்பது வெறும் மரப்பலகை. 1977-இல் மது தண்டவதே ரயில்வே அமைச்சராக வந்த பிறகுதான் அந்தப் பலகைமேல் இரண்டு அங்குலத்துக்கு நுரை மெத்தை வந்தது. அதற்கு முன்னால் பலகையில் படுத்து எழுந்தவர்களுக்கு ஹோல்டாலின் அருமை தெரியும். நிலக்கரி எஞ்சின் ஓடிய காலத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் இறங்கும்போது வெள்ளை வேட்டி சாம்பல் வேட்டியாகிவிடும். கண்ணில் கரி விழும். அதனால் இறங்கியதும் மாற்ற ஒரு செட் துணி கூடுதலாக வேண்டும். அந்தத் துணியை வைக்கப் பெட்டி வேண்டும். ஒரு சுமை இன்னொரு சுமையை இழுத்துக்கொண்டு வரும்.

தண்ணீரும் அப்படித்தான். ரயில்வே தன் பெயரிலேயே தண்ணீர் பாட்டில் விற்க ஆரம்பித்தது 2003-இல். ரயில் நீர் என்று இன்று கேட்டு வாங்குகிறோம். பாட்டில் தண்ணீர் வருவதற்கு முன்னால் கூஜாதான். வண்டி நிற்கிற ஐந்து நிமிஷத்தில் வீட்டு ஆம்பிளை கூஜாவைத் தூக்கிக்கொண்டு பிளாட்பாரக் குழாய்க்கு ஓடுவார். அவர் திரும்பி வந்து ஏறுகிறவரைக்கும் உள்ளே இருக்கிற பெண்களுக்கு உயிர் உயிராக இருக்காது. பித்தளைக் கூஜாவில் தண்ணீர் நிரம்பினால் எவ்வளவு கனக்கும் என்று தூக்கிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

சாப்பாட்டைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் அந்தச் சுமை வீட்டிலேயே தொடங்கிவிடும். காலையில் வண்டி என்றால் அம்மாமார்கள் ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்திருப்பார்கள். இட்லிக்கு நல்லெண்ணெயும் மிளகாய்ப்பொடியும் இருபுறமும் தடவி, வாட்டிய வாழையிலையில் அடுக்கவேண்டும். புளியோதரை முதல் நாளுக்கும் அடுத்த நாளுக்கும் தாங்கும். தயிர்சாதம் புளித்துவிடக்கூடாது என்று பாலை ஊற்றிப் பிசைந்து, கொஞ்சம்போல் மோரை விட்டு அனுப்புவார்கள், வழியில் அது தயிராகிவிடும். கட்டுச்சோறு எத்தனை நாளைக்கு வரும் என்று ஒரு பழமொழி இருக்கிறதே, அது சும்மா வந்ததா? ஒவ்வொரு பயணத்துக்கும் யாரோ ஒரு பெண் அந்தக் கணக்கைப் போட்டிருக்கிறாள். தூக்கிய சுமையைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம். அதைக் கட்டிய கைகளும் சுமந்தவைதான்.

நம் மொழியைக் கேட்டாலே தெரியும். ஊருக்குக் கிளம்பு என்பதை நாம் எப்படிச் சொல்கிறோம்? "பெட்டி படுக்கையைக் கட்டு." குடும்பத்தோடு வந்திறங்கினால் "மூட்டை முடிச்சோடு வந்துட்டாங்க." இன்று யாரும் படுக்கையைக் கட்டுவதில்லை, யாரும் முடிச்சுப் போடுவதில்லை. ஆனாலும் வாயில் அந்தச் சொல் நிற்கிறது. எத்தனை தலைமுறை தூக்கியிருந்தால் பயணத்துக்கே அது பெயராகியிருக்கும்?

இப்போது சகோதரியின் கேள்விக்கு வருகிறேன். கண்ணகி சிலம்போடு மட்டும் நடந்தாள் என்பது உண்மை. ஆனால் அம்மா, அவர்கள் யாத்திரையா போனார்கள்? இருந்ததையெல்லாம் தொலைத்துவிட்டு, விடிவதற்கு முன்னால், ஊருக்குச் சொல்லாமல் வீட்டை விட்டு வெளியேறினார்கள். மிச்சம் இருந்ததே அந்தச் சிலம்புதான். எடுத்துப் போக ஒன்றுமில்லாதவளைக் காட்டி, அந்தக் காலத்தில் சுமையில்லாமல் போனார்கள் என்று சொன்னால் என் மனசு ஒப்பவில்லை.

நிஜமாகவே பயணமே பிழைப்பாக இருந்தவர்கள் எப்படிப் போனார்கள் என்று நம் சங்கத் தமிழில் இருக்கிறது. உப்பு விற்ற உமணர்கள் வண்டி கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போனார்கள். புறநானூற்றின் 102-ஆவது பாட்டு, ஔவையார் பாடியது. எருது இளசு, நுகம் பழகாதது. வண்டியில் பண்டம் நிறைய ஏற்றியிருக்கிறது. பள்ளத்தில் இறங்கினாலும் மேட்டில் ஏறினாலும் என்ன ஆகுமோ யாருக்குத் தெரியும் என்று, வண்டியின் அடியில் ஒரு சேம அச்சைக் கட்டிக்கொண்டு போனார்களாம். சேம அச்சு என்றால் உபரி அச்சு. இன்று கார்க்காரர் ஸ்டெப்னி வைத்துக்கொள்வதுபோல. ஒரு வண்டிக்கு ரெண்டு அச்சின் கனம்! பாதி வழியில் முறிந்தால் அந்தக் காட்டில் தச்சன் கிடையாது. அதனால் கூடவே தூக்கிக்கொண்டு போனார்கள். இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் சேம அச்சு, ஐம்பது வருஷத்துக்கு முன்னால் ஹோல்டால். காரணம் ஒன்றுதான்.

காசிக்குப் போனவர்களின் கதை இன்னும் பெரியது. அந்தக் காலத்தில் சென்னையில் இருந்த சுப்ரீம் கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளராக இருந்த ஏனுகுல வீராசாமி 1830 மே மாதம் காசிக்குக் கிளம்பினார். பல்லக்குத் தூக்குகிறவர்கள், சுமை தூக்குகிறவர்கள், குடும்பத்தார் என்று கூட வந்தவர்கள் நூறு பேர் அளவுக்கு. திரும்பி வந்தது 1831 செப்டம்பர். அந்த அனுபவத்தைத் தெலுங்கில் எழுதி வைத்திருக்கிறார். அவர் வசதியானவர், ஆள் வைத்துத் தூக்கினார் என்று சொல்வீர்கள். சரி, வசதி இல்லாதவர்களும் ராமேஸ்வரத்து மணலைக் கொண்டுபோய்க் கங்கையில் கரைத்து, கங்கை நீரைச் செம்பில் அடைத்துத் திரும்ப ராமேஸ்வரத்துக்கு எடுத்து வந்தார்கள். போகும்போது ஒரு கடலின் மணல், வரும்போது ஒரு நதியின் தண்ணீர். அதை யாரும் சுமை என்று நினைக்கவில்லை என்பது வேறு. ஆனால் தோளுக்கு அது கனம்தான்.

நடுவர் அவர்களே, என் பேச்சில் எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். நம் ஊர்ப் பழைய சாலைகளின் ஓரத்தில் இரண்டு கல்லை நட்டு, அதன் குறுக்கே ஒரு நீளக் கல்லைப் படுக்க வைத்திருப்பார்கள். சுமைதாங்கி. கிட்டத்தட்ட தோள் உயரம் இருக்கும். தலைச்சுமையோடு நடக்கிற ஆள் குனியாமலே அதன் மேல் சுமையைச் சரித்து வைக்கலாம். களைப்பாறிய பிறகு யார் துணையும் இல்லாமல் மறுபடி தலைக்கு ஏற்றிக்கொள்ளலாம். என் அப்பா கேட்டாரே, "ஒரு கை கொடுப்பா" என்று, அந்தக் கையை ஆளில்லாத காட்டுவழியில் கல்லாகச் செய்து வைத்தார்கள் நம் மக்கள். யாருடைய நினைவாக வைத்தார்கள் தெரியுமா? வயிற்றில் பிள்ளையோடு இறந்துபோன பெண்களின் நினைவாக. இறக்கி வைக்காமலே போன அவள் சுமைக்காக, வழியில் போகிற எல்லோரும் இறக்கி வைக்கட்டும் என்று. சுமைதாங்கி என்றே ஊர்ப்பெயர்கள் இருக்கின்றன. சாலைக்குச் சாலை இப்படி ஒரு கல் தேவைப்பட்டிருக்கிறது என்றால் அந்தச் சாலையில் நடந்தவர்கள் வெறுங்கையோடு நடந்தார்களா? இன்று எந்தச் சாலையில் யார் புதிதாகச் சுமைதாங்கி நடுகிறார்கள்? தேவைப்படவில்லை.

அண்ணனின் மஞ்சப்பைக்கு வருகிறேன். மஞ்சப்பையோடு பட்டணம் வந்தவர்கள் உண்டு, நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பைக்குள்ளே என்ன இருந்தது? ஒரு மாற்று வேட்டி, ஒரு துண்டு, ஊரில் யாரோ எழுதிக் கொடுத்த ஒரு விலாசம். அவருடைய மொத்தச் சொத்தே அவ்வளவுதான். இரண்டு பெட்டி இருந்து, ஒன்று போதும் என்று வைத்துவிட்டு வந்தவரில்லை அவர். வறுமையை எளிமை என்று சொல்லாதீர்கள் அண்ணே. அதைச் சொல்லும்போது கைதட்டல் வரும், ஆனால் மஞ்சப்பை தூக்கியவருக்கு வலிக்கும்.

இன்னொன்றும் சொல்கிறேன். ஏழைகளும் வெறுங்கையோடு போனதில்லை. ராமநாதபுரம், புதுக்கோட்டைப் பக்கத்துக் காய்ந்த ஊர்களிலிருந்து தஞ்சாவூர் அறுப்புக்குப் போவார்கள். குடும்பத்தோடு, நடந்தே. தலையில் சோற்றுப்பானை, அதற்குள் சட்டி, அகப்பை, கொஞ்சம் புளி மிளகாய். இடுப்பில் பிள்ளை. கக்கத்தில் சுருட்டிய பாய். அரிவாள். வீட்டைப் பூட்டிவிட்டு வீட்டையே தூக்கிக்கொண்டு போனவர்கள் அவர்கள். அறுப்பு முடிந்து திரும்பும்போது கூலி நெல்லும் தலையில் ஏறும். என் அம்மாவைப் பெற்ற பாட்டி அப்படிப் போய்வந்தவர். போகும்போது இருந்ததைவிட வரும்போது சுமை அதிகமாக இருந்தால்தான் அந்த வருஷம் நல்ல வருஷம் என்பார்.

கப்பல் ஏறியவர்கள்? 1926-இல் கட்டிய ரஜுலா கப்பல், சென்னை, நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் நாற்பது வருஷத்துக்கும் மேலாக ஓடியது. கப்பல் தளத்தில்தான் பெரும்பாலோர் பயணம் செய்தார்கள். பாயை விரித்து, டிரங்குப் பெட்டியைத் தலைமாட்டில் வைத்தால் அந்த இடம்தான் அவர்கள் வீடு.

இனி இன்றைக்கு வருவோம். எதிரணியின் பலமான வாதம் விமானம்தான். வளைகுடாவுக்கு முப்பது கிலோ, அமெரிக்காவுக்கு இருபத்துமூன்று கிலோவில் இரண்டு பெட்டி என்று கணக்குச் சொன்னார்கள். உண்மைதான். மகள் பிரசவத்துக்குப் போகிற அம்மா அந்த நாற்பத்தாறு கிலோவையும் நிரப்புகிறார், வீட்டுத் தராசில் நாலு முறை நிறுத்திப் பார்க்கிறார். அதில் அவருடைய புடவை எவ்வளவு இருக்கும்? கொஞ்சம்தான். மிச்சமெல்லாம் பருப்புப்பொடி, வடகம், பிரசவ மருந்து, பேரப்பிள்ளைக்குத் துணி. போகிற இடத்தில் கிடைக்காது என்பதால், அங்கே இருக்கிறவர்களுக்காகத் தூக்குகிறார். அன்றைய ஊறுகாய் ஜாடியும் பிஸ்கட் டின்னும்தான் அந்தப் பெட்டிக்குள்ளே இருக்கின்றன. என் அணியின் சாட்சியை எதிரணி கூட்டிக்கொண்டு வந்திருக்கிறது.

ஆனால் ஒரு மதுரைக்காரர் சென்னைக்கு விமானத்தில் போனால் பெட்டிக்குப் பதினைந்து கிலோ, கைப்பைக்கு ஏழு கிலோ. அதையே நிரப்பாமல் போகிறவர்கள்தான் அதிகம். ரயிலில் ஸ்லீப்பர் பயணிக்கு நாற்பது கிலோ வரை கட்டணமில்லாமல் எடுத்துப் போகலாம் என்று இன்றும் விதி இருக்கிறது. ஏ.சி. முதல் வகுப்புக்கு எழுபது கிலோ. எழுபது கிலோ! அந்த விதியை எழுதியவர்கள் கண்முன்னால் டிரங்குப் பெட்டிக் குடும்பங்கள்தான் இருந்திருக்கவேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

சக்கரம் வந்ததால் நிறைய எடுத்துப் போகிறார்கள் என்றும் சொன்னார்கள். 1972-இல் பெர்னார்ட் சேடோ என்ற அமெரிக்கர் சக்கரம் வைத்த சூட்கேஸுக்குக் காப்புரிமை வாங்கினார். 1987-இல் ராபர்ட் பிளாத் என்ற விமானி, நிமிர்த்தி வைத்துக் கைப்பிடியை நீட்டி இழுக்கிற பெட்டியைச் செய்தார். இன்று பிளாட்பாரம் முழுக்க உருளுவது அதுதான். என் அப்பா அந்தச் சத்தத்தை முதலில் கேட்டபோது ஏதோ வண்டிதான் வருகிறது என்று ஒதுங்கி நின்றாராம். ஒரு சின்னப் பெண் பெட்டியைத் தானே இழுத்துக்கொண்டு போனாள். வருஷம் போகப் போக, "எத்தனை உருப்படி?" என்று கேட்டால், "வேண்டாம் தாத்தா" என்று பதில் வந்தது. தலைப்பு கேட்பது பெட்டியின் எண்ணிக்கையையா, மனுஷன் சுமந்த பாரத்தையா என்று நடுவர் யோசிக்கவேண்டும். தரை தாங்குகிற பாரத்தை நான் மனுஷன் சுமந்த கணக்கில் சேர்க்கமாட்டேன்.

2008-இல் போர்ட்டர்களை ரயில்வேயிலேயே கேங்மேன் வேலைக்கு, அதாவது தண்டவாளத்தைப் பராமரிக்கிற வேலைக்கு எடுத்தார்கள். அப்பாவுக்கு வயது கடந்துவிட்டது. 2016 ரயில்வே பட்ஜெட்டில் போர்ட்டர்களுக்கு சஹாயக் என்று பெயர் மாற்றினார்கள், உதவியாளர் என்று அர்த்தம். மரியாதையான பெயர், அதற்கு நன்றி. ஆனால் அந்தப் பெயர் வந்தபோது பிளாட்பாரத்தில் வேலை பாதிகூட இல்லை. இன்று சுமை அதிகமென்றால், சுமை தூக்குகிறவர்கள் ஏன் சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள்?

இவ்வளவு சொல்லிவிட்டு ஒன்றை நான் ஒப்புக்கொள்ளவேண்டும். சென்னை சென்ட்ரலில், பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வேலைக்கு வருகிற தம்பிகள் முன்பதிவில்லாத பெட்டியிலிருந்து இறங்குவதைப் பாருங்கள். முதுகில் ஒரு பெரிய பை, கையில் மூடிபோட்ட பெயின்ட் வாளி. அந்த வாளிக்குள் துணியும் பாத்திரமும் இருக்கும். வண்டியில் உட்கார இடமில்லை என்றால் அதுவே முக்காலி. கட்டடத்தில் தங்கும்போது அதுவே குளிக்கிற வாளி. அவர்கள் இன்றும் நிறையச் சுமக்கிறார்கள். ஆனால் நாட்காட்டியில் மட்டும்தான் அவர்கள் இன்று இருக்கிறார்கள். அவர்கள் ஏறிவந்த பெட்டியில் போர்வை கிடையாது, போய்த் தங்கும் இடத்தில் பாய் கிடையாது. தஞ்சாவூர் அறுப்புக்குப் போன என் பாட்டியின் பயணத்தைத்தான் அவர்கள் இப்போது போய்க்கொண்டிருக்கிறார்கள். அவர்களை இன்றைய கணக்கில் எழுதாதீர்கள்.

மற்ற எல்லோருடைய சுமையும் எங்கே போனது? மறைந்துவிடவில்லை. தண்ணீரை லாரி கொண்டுவருகிறது. சாப்பாட்டை ரயில் சமையற்கட்டோ ஓட்டலோ வைத்திருக்கிறது. படுக்கையை ஏ.சி. பெட்டியில் ரயில்வே கொடுக்கிறது. கேமரா, டார்ச், அலாரம், டிக்கெட், பணம் எல்லாம் செல்போனுக்குள் போய்விட்டதென்று உங்களுக்கே தெரியும். இது எவ்வளவு உண்மை என்று கொரோனா நமக்குக் காட்டியது. 2020 மார்ச்சில் ரயிலில் போர்வை, விரிப்பு கொடுப்பதை நிறுத்தினார்கள். மறுபடி கொடுக்க உத்தரவு வந்தது 2022 மார்ச்சில். அந்த இரண்டு வருஷமும் ஏ.சி. பெட்டியில் போனவர்கள் என்ன செய்தார்கள்? வீட்டிலிருந்து போர்வையையும் விரிப்பையும் மடித்து எடுத்துப் போனார்கள். வழியில் கிடைப்பது ஒன்று நின்றதும் ஹோல்டால் திரும்பி வந்துவிட்டது பாருங்கள்.

மணி அடித்துவிட்டார்கள். ஒரே ஒரு நிமிஷம் கொடுங்கள்.

போன தை மாதம் அப்பாவையும் அம்மாவையும் காசிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அத்தனை பேரின் காசி மூட்டையைத் தூக்கியவர், தான் காசி பார்த்ததில்லை. ஏ.சி. மூன்றடுக்குப் பெட்டி. மதுரை பிளாட்பாரத்தில் நின்றுகொண்டு என்னிடம் கேட்டார், "எத்தனை உருப்படிம்மா?" மூணு என்றேன். நம்பவில்லை. ஒவ்வொரு பையாகத் தூக்கிப் பார்த்தார். "அரிசி எங்கே, பாய் எங்கே, மிச்சத்தையெல்லாம் யார்கிட்ட குடுத்திருக்கே?" என்றார்.

ராத்திரி பெட்டி உதவியாளர் பையன் ஒருவன் விரிப்பு, போர்வை, தலையணை எல்லாவற்றையும் கழுத்து உயரத்துக்கு அடுக்கித் தோளில் சாய்த்துக்கொண்டு வந்தான். அப்பாவிடம் ஒரு காகித உறையை நீட்டினான். அவர் அதை இரண்டு கையிலும் வாங்கி, மேலும் கீழும் லேசாக ஆட்டிப் பார்த்தார். எடை பார்க்கிறார் என்று எனக்குத் தெரியும்.

"இதத்தாம்மா நான் தூக்கினேன்" என்றார்.

அப்புறம் அதை சீட்டில் வைத்துவிட்டு எழுந்தார். தோளில் கிடந்த துண்டைச் சரிசெய்துகொண்டார். "குடு தம்பி, ஒரு கை பிடிக்கிறேன்" என்று அந்த அடுக்கில் பாதியை வாங்கிக்கொண்டு, அந்தப் பையனுக்கு முன்னால் நடந்து போனார்.

நன்றி. வணக்கம்.